யாக்கோபின் கிணறும் நம் ஊர்க் கிணறும்

சமாரியாவின் சிக்கார் ஊரருகே ஒரு கிணறு இருந்தது. வழிநடைக் களைப்போடு நண்பகல் வேளையில் இயேசு அதன் அருகே அமர்ந்தார் என்று யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம் கூறுகிறது. தண்ணீர் மொள்ள வந்த பெண்ணுக்கும் அவருக்கும் நிகழ்ந்த உரையாடலைத் தவக்கால ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம். வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிய மறையுரைகளையும் கேட்டிருக்கிறோம். ஆனால் அப்பெண் பேச்சினிடையே சொல்லிச் செல்லும் ஒரு செய்தியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தக் கிணறு யாக்கோபு தன் மக்களுக்கு விட்டுச் சென்றது என்கிறாள் அவள். அவரும் அவருடைய பிள்ளைகளும் குடித்து, ஆடுமாடுகளுக்கும் காட்டிய தண்ணீர் அது என்று பெருமையோடு நினைவுகூர்கிறாள்.

யாக்கோபின் காலத்திற்கும் அப்பெண்ணின் காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அரசுகள் தோன்றி மறைந்தன. அந்நியப் படைகள் வந்து போயின. யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பேசாத பகை வளர்ந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அது குடிக்கத் தக்கதாகவும் இருந்தது.

'வளங்குன்றா வளர்ச்சி' என்ற சொற்றொடரை இன்று கருத்தரங்குகளிலும் அரசு ஏடுகளிலும் அடிக்கடி காண்கிறோம். ஐக்கிய நாடுகள் அவை அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் தன் அறிக்கையின் வழியாக அதனை உலகெங்கும் பரப்பியது. வரப்போகும் தலைமுறையின் பங்கைப் பறிக்காமல் இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்வதே அதன் பொருள். யாக்கோபின் கிணற்றைக் காட்டிலும் தெளிவான விளக்கம் இதற்கு வேண்டுமோ? தானும் குடித்தார், பிள்ளைகளுக்கும் விட்டுச் சென்றார், வாயில்லாப் பிராணிகளையும் மறக்கவில்லை.

இக்கருத்தை ஆப்பிரிக்காவுக்கும் ஏழை நாடுகளுக்கும் உரிய ஏதோ ஒரு வெளியூர்ச் சிக்கலாக நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இச்சொற்றொடர் இந்திய நாட்டின் சட்டத்திற்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று திண்டுக்கல் சமவெளியின் கிணறுகள். அந்தக் கதையைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

பத்திரத்தில் பங்கு, பாறையில் பொது

நம் திண்டுக்கல் மண் கிணற்றை நம்பி வாழும் மண். சிறுமலையும் பழனிமலைத் தொடரும் நமக்கு அழகைத் தந்தனவே அன்றி, ஆண்டு முழுதும் ஓடும் பேராறு ஒன்றைத் தரவில்லை. குடகனாறு மழைக்காலத்தில் பெருகி, வேடசந்தூர் வழியே வடக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலக்கிறது. மற்ற மாதங்களில் அது மணல். ஆதலின் ஒரு கிணறு வெட்டுவது இங்கே ஒரு மனிதனின் வாழ்நாள் சாதனை. மனைவியின் நகையை விற்று, பாறைக்கு வெடி வைத்து, ஊற்றுக்கண் திறந்த அன்று பொங்கல் வைத்துப் படைத்தவர்கள் நம் பாட்டனார்கள்.

அந்தக் கிணற்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையும் நமக்குத் தெரியும். "கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம்" என்று பத்திரம் எழுதுவார்கள். அண்ணன் தம்பிகள் முறை வைத்து இறைப்பார்கள். முறை தவறினால் சண்டை வரும், பஞ்சாயத்து கூடும், மறுநாள் மீண்டும் முறைப்படி தண்ணீர் பாயும். எழுத்தறியாத உழவரும் நுட்பமாக நடத்திய ஆட்சிமுறை இது.

ஆனால் பத்திரம் கிணற்றைத்தான் பங்கு பிரிக்கும். தண்ணீரைப் பிரிக்க அதனால் ஆகாது. நம் நிலத்தடி கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் நீர் ஓடுகிறது. வரப்பும் வேலியும் சாதியும் சமயமும் அதற்குத் தெரியா. ஒருவர் நிலத்தில் ஊற்றியது ஊர் முழுவதையும் சென்று சேரும். மேலே தனியுடைமை, கீழே பொதுவுடைமை. இந்த முரண்பாட்டில்தான் நம் கேள்வி பிறக்கிறது.

உப்பின் வரவு

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. தொடக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 1970-களில் நிலை மாறியது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை ஏற்றுமதி செய்ய நடுவண் அரசு ஊக்கம் அளித்தது. அன்னியச் செலாவணி வேண்டும், வேலைவாய்ப்பு வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. குரோமிய உப்பு கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பெருகியது.

தோல் கெடாதிருக்க முதலில் உப்பிட்டு வைக்கிறார்கள். பிறகு ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுகிறார்கள். முடியை நீக்கச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் போடுகிறார்கள். அதன் பின்னர் குரோமியம், சாயம், எண்ணெய். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோமிய முறையில் 170 வகையான வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று குறிப்பிடுகிறது. இத்தனையையும் சுமந்த கழிவுநீர் பல ஆண்டுகள் திறந்த வெளியிலும் ஓடையிலும் குளத்திலும் விடப்பட்டது. மதுரைச் சாலை, வத்தலக்குண்டு சாலை, பொன்மாந்துறைச் சாலை ஆகியவற்றின் ஓரத்து ஊர்களில் கிணறுகள் ஒவ்வொன்றாய் உவர்ந்தன. தென்னை வாடியது. நெல் விளையாமற் போயிற்று. பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று பங்கு! பத்திரத்தில் எழுதிய நாலில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சியது போலாயிற்று.

ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் குடகனாற்றின் மேல் வடிநிலத்தை ஆராய்ந்து கண்ட ஒரு முடிவு இன்னும் கலக்கம் தருவது. கழிவின் அளவைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலத்தடி நீரிலுள்ள உப்பு பாதிக்குக் கீழே இறங்காது என்று அவர்களது கணிப்பு கூறுகிறது. பாவம் செய்தவன் மனந்திரும்பிவிட்டாலும் பாவத்தின் விளைவு மண்ணில் தங்கிவிடுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்போடு பரிகாரமும் ஏன் உண்டு என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

தாமதமாய் வந்த நீதி

இச்சிக்கலுக்குச் சட்டமே இல்லாமல் இருந்ததா? இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்தது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு விளைக்கும் தொழிற்சாலைகள் அமையலாகாது என்று 1989 மார்ச்சில் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. ஏடுகளில் எல்லாம் இருந்தன. கிணற்றில்தான் தண்ணீர் இல்லை.

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. பாலாற்றுப் படுகைக்காகத் தொடங்கிய அவ்வழக்கில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் நிலையும் பதிவாயிற்று. நாம் மேலே கூறிய 467 கிணறுகளின் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வளங்குன்றா வளர்ச்சியே நாட்டின் நெறி என்று அது அறிவித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்றது. தன் தொழிலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. தீங்கு உண்டென்று மெய்ப்பிக்க ஏழை உழவன் அலைய வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. நீதிக்காகப் பசித்திருப்போர் நெஞ்சில் பால் வார்த்த தீர்ப்பு அது.

தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. இழப்பீட்டை மதிப்பிட ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. வேலூர்ப் பகுதியில் மட்டும் 29,193 பேர் இழப்பீட்டுக்கு உரியவர்கள் என்று அது 2001-இல் கணித்தது. ஆயினும் 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. இன்னும் இழப்பீடு பெறாதவர்களுக்கு அதனை வழங்குமாறும், அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்குமாறும் அது ஆணையிட்டது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகள்! அன்று வாதாடிய உழவர்களில் எத்தனை பேர் இன்று கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்களோ!

யாருக்காக விரைந்தோம்?

தாமதத்திற்குக் காரணம் என்ன? சோம்பல், ஊழல், அறியாமை என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அவை உண்மையே. எனினும் தோல் தொழிலின் வரலாற்றிலேயே வேறொரு பாடம் ஒளிந்திருக்கிறது.

தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்க 'பென்டாகுளோரோஃபீனால்' என்னும் வேதிப்பொருளை முன்பு பயன்படுத்தி வந்தார்கள். அது உடலுக்குக் கேடு என்று 1989-இல் ஜெர்மனி தடை செய்தது. அடுத்து, சில வகை 'அசோ' சாயங்களை 1994-இல் தடை செய்தது. இந்தியத் தோலின் பெரிய வாடிக்கையாளர்களுள் அந்நாடும் ஒன்று. உடனே இங்கே நிகழ்ந்தது என்ன? சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்றுப் பொருள்களைப் பரப்பியது. சோதனைக்கூடங்கள் எழுந்தன. நடுவண் அரசும் தடை விதித்தது. சில ஆண்டுகளுக்குள் சிறிய ஆலை வரையில் பழக்கம் மாறியது. அதே ஆண்டுகளில்தான் நம் ஊர்க் கிணறுகளுக்கான வழக்கு நீதிமன்றத்தில் காத்துக் கிடந்தது.

உப்பை நீக்குவது ஒரு பூஞ்சைக்கொல்லியை மாற்றுவது போல எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆயினும் விரைவிலும் அக்கறையிலும் தெரிந்த வேறுபாட்டுக்கு அது மட்டுமே விளக்கமாகாது. செருப்பை அணியும் ஜெர்மானியரிடம் ஓர் ஆற்றல் இருந்தது. "வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடிந்தது. அவர் சொன்னால் பணம் நின்றுவிடும். கிணற்றை இழந்த உழவரிடம் அந்த ஆற்றல் இல்லை. அவர் வேண்டாம் என்றாலும் தண்ணீர் உவர்த்தது. அதே தொழில், அதே அரசு, அதே அறிவியலாளர்கள். ஒருவர் குரலுக்கு நாடே அசைந்தது. மற்றவர் குரல் கோப்புக்குள் அடங்கியது.

நல்லாட்சி என்பதன் உட்பொருள் இங்கே புலனாகிறது. நன்மையைப் பெறுபவரையும் அதன் விலையைக் கொடுப்பவரையும் ஒரே இடத்தில் முகத்துக்கு முகம் நிறுத்துவதே ஆட்சியின் கடமை. அவ்விருவரும் சந்திக்காத இடத்தில் எத்தனை சட்டம் எழுதினாலும் அது காகிதம். கிணற்றில் பங்குள்ள அண்ணன் தம்பிகள் நாள்தோறும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆதலின் முறை நிலைத்தது. செருப்பணிபவரும் கிணற்றுக்காரரும் என்றும் சந்திப்பதில்லை.

கொக்கோவும் குமரப்பாவும்

இந்தச் சந்திப்பு இல்லாமையை நம் தமிழகக் கிறிஸ்தவர் ஒருவர் நெடுநாளுக்கு முன்பே கண்டு சொன்னார். தஞ்சையில் 1892-இல் பிறந்து, காந்தியடிகளின் பொருளியல் துணைவராய் விளங்கி, பிற்காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பாவே அவர். சிறைவாசத்தில் அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. புருண்ட்லாண்ட் அறிக்கைக்கு 42 ஆண்டுகள் முந்தியது அது. கடையில் ஒரு டப்பா கொக்கோ வாங்குபவன், மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் அதனை விளைவிக்கக் கட்டாயமாய் உழைக்க வைக்கப்பட்டவனின் துன்பத்திலும் பங்குதாரன் என்று அவர் எடுத்துக்காட்டுவார். பொருளை வாங்குவது ஓர் அறச்செயல். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று அறிய முடியாத தொலைவிலிருந்து வாங்குவதால் நாம் அறியாமலே பாவத்திற்கு உடந்தையாகிறோம் என்பது அவருடைய கவலை.

அவர் சுட்டிய ஆப்பிரிக்காவின் அவலம் இன்றும் தீர்ந்தபாடில்லை. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் ஒகோனி மக்கள் வாழ்கிறார்கள். 1950-களின் இறுதியில் அவர்கள் மண்ணில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். எண்ணெய் உலகுக்குச் சென்றது. வருவாய் தலைநகருக்குச் சென்றது. கசிவு மட்டும் ஒகோனியரின் வயலிலும் ஓடையிலும் தங்கியது. இதனை எதிர்த்து மக்களைத் திரட்டிய எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் அவருடைய தோழர் எண்மரையும் 1995 நவம்பர் 10 அன்று இராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் அப்பகுதியை ஆராய்ந்தது. ஓரூரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் பென்சீன் என்னும் நச்சு, உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பைப் போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. முழுதும் தூய்மைப்படுத்த 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது அவ்வறிக்கை. அங்கே எண்ணெய், இங்கே உப்பு. குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்கும் பெண் மட்டும் ஒருத்தியே.

அதே ஆப்பிரிக்கா நமக்கு ஒரு விடையையும் தந்திருக்கிறது. கென்யாவின் வங்காரி மாத்தாய் கத்தோலிக்கத் துறவியரின் பள்ளிகளில் பயின்றவர். விறகில்லை, நல்ல தண்ணீர் இல்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைச் செவிமடுத்து, 1977-இல் அவர்களைக் கொண்டே மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். மரம் நட்ட பெண்கள் விரைவிலேயே ஒன்றை உணர்ந்தார்கள். காட்டை யாருக்கோ எழுதிக் கொடுக்கும் ஆட்சியைத் தட்டிக் கேட்காமல் நாற்றை மட்டும் நட்டுப் பயனில்லை. 1989-இல் நைரோபி நகரின் பொதுப் பூங்காவில் அரசு வானுயர் கட்டடம் எழுப்ப முனைந்தபோது மாத்தாய் எதிர்த்து நின்றார், திட்டம் கைவிடப்பட்டது. சுற்றுச்சூழல், மக்களாட்சி, அமைதி மூன்றும் முக்காலியின் மூன்று கால்கள் போன்றவை என்பார் அவர். ஒரு கால் முறிந்தால் அமர்ந்தவர் விழுவார். 2004-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. மரம் நட்டவருக்கு ஏன் அமைதிப் பரிசு என்று அன்று சிலர் வியந்தார்கள். கிணற்றுச் சண்டையை அறிந்த நமக்கு அதில் வியப்பில்லை.

ஏழைக்கு எதிரே ஏழை

இதுவரை கூறியதை ஏற்பவரும் இங்கே ஒரு கேள்வி எழுப்பக் கூடும். "தோல் ஷாப்பை மூடிவிட்டால் அங்கே வேலை செய்தவன் வீட்டு அடுப்பு எரியுமா?"

இது விலக்கிவிடக் கூடிய கேள்வி அன்று. சுண்ணாம்புக் குழியில் நின்று தோலை இழுத்தவர்கள், கைகால் வெந்து புண்ணானவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளரின் அடிமை வாழ்வையும் அவர்கள் சங்கமாய் எழுந்த வரலாற்றையும் எழுத்தாளர் டி. செல்வராஜ் 'தோல்' என்னும் புதினமாக்கினார். 2012-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கூலியும் மானமும் பெற அத்தொழிலாளர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள்! இன்று தண்ணீரின் பெயரால் அவர்கள் வேலையைப் பறிப்பது எவ்வகை நீதி? அவர்களுள் நம் பங்குகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. கிணற்றை இழந்த உழவர்களுள்ளும் நம் பங்குகளைச் சேர்ந்தவர்கள் உண்டு. ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஒரே அப்பத்தில் பங்கு பெறும் இருவரில் யார் பக்கம் நிற்பது?

நாம் இதனை நெடிது எண்ணிப் பார்த்தோம். தொழிலா, தண்ணீரா என்ற வினாவே பிழையாக அமைந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வினாவில் இரண்டு ஏழைகள் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். இருவர் உழைப்பாலும் இழப்பாலும் பொருள் சேர்ந்த இடங்கள் கண்ணுக்குப் படாமற் போகின்றன. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு தோலின் விலையில் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. அச்செலவைக் கிணறு கட்டியது. அதாவது, உலகச் சந்தையில் செருப்பு மலிவாய் விற்பதற்காக ரெட்டியார்சத்திரத்து உழவர் தம் பாட்டன் சொத்திலிருந்து மானியம் வழங்கிவந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கையொப்பம் வாங்கவில்லை. ஆகவே வினா இப்படி அமைய வேண்டும்: இத்தொழிலின் உண்மையான விலை என்ன? அதனை யார் கொடுக்கிறார்கள்? கொடுப்பவரின் சம்மதத்தோடு கொடுக்கப்படுகிறதா?

இவ்வாறு கேட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சிறு ஆலைக்காரரால் சுத்திகரிப்புச் செலவைத் தாங்க இயலாமை உண்மை. சுத்திகரித்த பின் எஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதும் எளிதில் தீராத வினா. ஆனால் பிழையான வினாவுக்கு எத்தனை விடை தேடினாலும் ஏழை ஒருவன் தோற்பான். சரியான வினாவில் வாங்குபவரும் விற்பவரும் ஆள்பவரும் விடை சொல்ல அழைக்கப்படுகிறார்கள்.

இறைவாக்கினர் எசேக்கியேலின் நூல் 34-ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை உண்டு. கொழுத்த ஆடுகள் தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கிவிடுகின்றன. மெலிந்த ஆடுகள் கலங்கியதைக் குடிக்கின்றன. அங்கே இறைவன் கண்டிப்பது குடித்ததை அன்று, கலக்கியதைத்தான். தேவைக்கு எடுத்துக்கொள்வதை அவர் தடுக்கவில்லை. அடுத்து வருபவரை மறந்த காலையே கண்டிக்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலும் இதே நெறியில் செல்கிறது. தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை. பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றாய்க் கேட்கப்பட வேண்டும். பாதிக்கப்படும் மக்களை உசாவாமல் முடிவெடுக்கலாகாது என்று அது கற்பிக்கிறது.

நம் கால்கள்

இங்கே நாம் நம்மையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆலைகளையும் அரசையும் குறை கூறும் நாம் எந்த ஆட்டின் பக்கம்? ஞாயிறு திருப்பலிக்கு நாம் அணிந்து செல்லும் காலணி யாருடைய கிணற்றைக் குடித்தது என்று கேட்டதுண்டா? ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டுப் பக்கத்து வீட்டுக் கிணற்றை வற்றச் செய்தபோது மனம் உறுத்தியதா? வற்றிய ஊர்க் கிணற்றைக் குப்பைக் குழியாக்கியவர்கள் யார்? நம் பள்ளிகளும் பங்கு வளாகங்களும் தம் கழிவுநீரை எங்கே விடுகின்றன? இவற்றுக்கு விடை காணாமல் பிறரை நோக்கி விரல் நீட்டுவது நற்செய்திக்கு ஒவ்வாது.

தன்சோதனையோடு நின்றுவிடுவதும் போதாது. மாத்தாயின் பெண்களைப் போல நாமும் ஆட்சியின் வாசலுக்குச் செல்ல வேண்டியவர்கள். ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள்களுள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், இப்போது ஒன்றாயிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதில் போய் அமர்கிறோம்? வழிபாட்டிற்குக் கூடும் நம் அன்பியங்கள், தம் தெருவின் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, அதன் முடிவைக் கையில் ஏந்தி, இந்து, இசுலாமிய அயலாரோடு சேர்ந்து கிராம சபையில் எழுந்து நின்றால் அது அரசியல் ஆகிவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். கிணற்றில் பங்குள்ள அண்ணன் தம்பிகள் முறை கேட்பது அரசியலா? வாழ்வுக்கான முறை அது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. தொழிலாளரும் உழவரும் ஒரே அறையில் அமர்ந்து பேச நம் பங்குகளில் இடமும் இருக்கிறது. நன்மை பெறுபவரும் விலை கொடுப்பவரும் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்றோமே, திருச்சபை அந்த இடமாக இருக்கலாகாதா?

தொடக்கநூல் 26-ஆம் அதிகாரத்தில், தன் தந்தை ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பகைவர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டதை ஈசாக்கு காண்கிறார். அவர் அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே மறுபடி இடுகிறார். புதிதாய் ஒன்றைத் தோண்டும் பெருமையைவிடப் பழையதைத் தூர் எடுக்கும் பணிவு அவருக்கு முதலில் தேவைப்பட்டது. அதற்குப் பொறுமையும் வேண்டியிருந்தது. தோண்டிய புதுக் கிணறுகளுக்காகவும் சண்டை வந்தது. இருபது ஆண்டானாலும் பாதிகூடத் தெளியாது என்று கணிக்கப்பட்ட தண்ணீருக்காக இன்று உழைக்கத் தொடங்குபவர் அதன் இனிமையைச் சுவைக்க மாட்டார். பேரப்பிள்ளைகள் சுவைக்கக் கூடும். யாக்கோபும் அந்தச் சமாரியப் பெண்ணைக் கண்டதில்லை.

நண்பகல் வெயிலில் இயேசு ஒருநாள் நம் ஊர்க் கிணற்றுத் திட்டில் வந்து அமரலாம். அவர் நம்மிடம் முதலில் கேட்கப்போவது செபமோ காணிக்கையோ ஆகாது. சிக்காரில் கேட்டதையே கேட்பார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். அப்போது நாம் கடைக்கு ஓடிப் போய்ப் புட்டித் தண்ணீர் வாங்கி வருவோமா, அல்லது வாளியைக் கிணற்றில் இறக்குவோமா?